அன்கன்ஃபர்ம்ட் செயலாளர்

குடியிருப்புச் சங்கச் செயலாளர் வீடு வீடாக ஓடிக்கொண்டிருந்தார். காலையில் வாட்ஸப் குழுவில் அவர் போட்டது ஒரே ஒரு வரி: “நாளை தண்ணீர் வராது. அன்கன்ஃபர்ம்ட்.”

மாடிப்படியில் பிளம்பர் யாரிடமோ போனில், “நாளைக்குத் தண்ணிய நிறுத்தணும்” என்று சொன்னது காதில் விழுந்தது, அவ்வளவுதான். நின்று விசாரிக்கும் கெட்ட பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. ‘உறுதியில்லை’ என்று சொல்லும் அந்த இங்கிலீஷ் வார்த்தையைச் சேர்த்துவிட்டால், எது பொய்த்தாலும் தன் தலை உருளாது என்ற தெம்பில்தான் நாலு வருடமாகப் பதவியில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மறுபடி தேர்தல்.

இப்போது எல்லா வீட்டிலும் குடம், வாளி, அண்டா நிரம்பிக்கொண்டிருந்தன. டேங்க் பாதியாகிவிட்டது.

“நான்தான் அன்கன்ஃபர்ம்ட்னு போட்டேனேம்மா!” என்றார் முதல் மாடி டீச்சரிடம்.

“அதனாலதான் சார் பிடிக்கிறோம். இங்கிலீஷ்ல வேற போட்டிருக்கீங்க, மேலிடத்துத் தகவலாத்தானே இருக்கும்?”

அவசரமாகத் திருத்தம் போட்டார்: “நாளை தண்ணீர் வரும். அன்கன்ஃபர்ம்ட்.”

இரண்டாம் மாடித் தையல்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார். “என்ன சார், வரும்ங்கிறதும் உறுதி இல்லையா?” பதிலுக்கு நிற்காமல் குழந்தையின் குளியல் தொட்டியை நிரப்பப் போய்விட்டார்.

மிச்சத்தையாவது காப்பாற்றலாம் என்று செயலாளர் மொட்டை மாடிக்கு ஓடி, யாருக்கும் தெரியாமல் டேங்க் வால்வை மூடினார். கீழே ஒரே கூச்சல். டீச்சரின் கணவர் தலை நிறைய சோப்பு நுரையோடு வெளியே வந்துவிட்டார். யாரோ பிளம்பரைக் கூப்பிட்டு டேங்க்கைப் பார்க்க அனுப்பினார்கள்.

பதவி போச்சு என்று நினைத்துக்கொண்டே செயலாளர் கூட்டத்தின் நடுவே வந்து நின்றார்.

“சார், நாளைக்குன்னீங்க, இன்னைக்கே நின்னுடுச்சு!” என்றார் டீச்சர். “நீங்க மட்டும் சொல்லலேன்னா எங்க கதி என்னாகியிருக்கும்?”

“இவரை விட்டா வேற யாருங்க? தேர்தலே வேண்டாம்!” என்றார் தையல்காரர்.

எல்லோரும் கை தட்டினார்கள். நுரைத் தலையரும் தட்டினார். செயலாளருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. “எல்லாம் உங்க அன்பு...” என்று தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

மாடியிலிருந்து இறங்கி வந்த பிளம்பர் அவரிடம் ஒரு மூக்குக்கண்ணாடியை நீட்டினார்.

“வால்வு பக்கத்துல விட்டுட்டு வந்துட்டீங்க சார். உங்க வீட்டுச் சமையலறைக் குழாயை மாத்த, நாளைக்குப் பத்து நிமிஷம் தண்ணிய நிறுத்தணும்னுதானே உங்க வீட்டம்மாகிட்ட போன்ல சொன்னேன், நீங்க எதுக்கு இன்னைக்கே மொத்த டேங்க்கையும் மூடி வச்சீங்க?”