வேரில் ஒரு வாய்

மரம் சாய்ந்துகொண்டே வந்தது.

நர்ஸம்மா அதை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறு கையால் மாவைக் குழைத்தாள். பல் அச்சு எடுக்கிற வெள்ளை மாவு. நிஜ மரப்பட்டை, காய்ந்த இலைகள், வானத்துக்குப் பழைய புடவைத் துண்டு என்று பலகையில் எல்லாம் ஒட்டியாகிவிட்டது. அடிமரம் மட்டும் நிற்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

மகள் பிரசவத்துக்காக ஒரு மாதம் லீவு போட்டவள், மூன்று மாதம் கழித்துத்தான் திரும்பியிருந்தாள். பல் டாக்டரம்மா அவள் இடத்தில் வேறு ஆள் வைக்கவில்லை. கருவிகளைத் தானே கழுவிக்கொண்டு காத்திருந்தார். அந்த நன்றியைச் சொல்ல நர்ஸம்மாவுக்கு வாய் வரவில்லை. அதனால்தான் வரவேற்பறைச் சுவருக்கு இந்த மரம். டாக்டரம்மா சாப்பிட்டுத் திரும்புவதற்குள் மாட்டிவிட வேண்டும்.

சாய்வை நிறுத்த அடியில் மாவைக் கூட்டினாள். கனம் தாங்காமல் பட்டை கழன்றது. பட்டையைத் திரும்ப ஒட்டியதில் மாவு தீர்ந்தது.

அலமாரியில் பழைய பல் அச்சுகள் அடுக்கியிருந்தன. ஈறெல்லாம் மேடும் பள்ளமுமாக, அசல் வேர் மாதிரியே இருந்தது. நாலைந்தை எடுத்து மரத்தடியில் பதித்து, பழுப்பு வண்ணம் பூசினாள். மரம் நிமிர்ந்து நின்றது. அவளும் நிமிர்ந்தாள்.

போன் அடித்தது. பல்செட் செய்யும் லேப்.

"அக்கா, நம்ம 'சரியில்லை' ஐயாவோட அச்சை எடுத்து வைங்க. டாக்டர் புது செட் பண்ணச் சொல்லிட்டாங்க."

சரியில்லை ஐயா ஒரு காலத்தில் கடிகாரம் பழுதுபார்த்தவர். பல்செட் வாங்கிய நாளிலிருந்து வாரம் தவறாமல் வந்து, "சரியில்லை, ஒரு மயிரிழை தூக்குது" என்பார். டாக்டரம்மா அதை ராவிக் கொடுப்பார். அடுத்த வாரமும் மயிரிழை தூக்கும்.

அலமாரியில் அவருடைய அச்சு இருந்த இடம் காலி. நர்ஸம்மா இடுக்கியால் வேரை நெம்பினாள். அச்சு இரண்டாக உடைந்தது. அடிமரமும் விரிசல் விட்டது. விரிசலை மறைக்க இலைகளை அள்ளி ஒட்டிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. டாக்டரம்மா வந்தார். பின்னாலேயே சரியில்லை ஐயா.

"யார் பண்ணது? ரொம்ப அழகா இருக்கே" என்று கிட்டே போன டாக்டரம்மா குனிந்தார். "இந்த ஒத்தைக் கடைவாய்ப்பல்லை நான் எங்கேயோ பார்த்திருக்கேனே."

ஐயாவும் குனிந்து பார்த்தார். அவருடைய நாக்கு கன்னத்துக்குள் போய் எதையோ தடவிப் பார்த்தது.

"ஐயாவோட வாயைத்தான் வேரா வெச்சுட்டேன் டாக்டர்" என்றாள் நர்ஸம்மா. "நீங்க எனக்காகக் காத்திருந்தீங்க. அதுக்கு நன்றி சொல்லத்தான் ஆரம்பிச்சேன். என்னை வேலையை விட்டு அனுப்பினாலும் நியாயம்தான்."

"உன்னை அனுப்பிட்டு, மறுபடி எல்லாத்தையும் நானே கழுவவா?"

நர்ஸம்மாவின் கண் நிறைந்துவிட்டது.

டாக்டரம்மா சங்கடத்தோடு திரும்பினார். "மன்னிச்சிடுங்க ஐயா. முதல்லேருந்து அளவெடுக்கணும். இன்னும் ரெண்டு மூணு மாசம் நீங்க வாராவாரம் வரவேண்டியிருக்கும்."

ஐயா வழக்கமான நாற்காலியை மரத்துக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரொம்ப நன்றிம்மா" என்றார் நர்ஸம்மாவிடம். "வீட்டுல பேச ஆளில்லை, மத்தபடி அந்தப் பல்செட் முதல் நாளே கச்சிதமாத்தான் இருந்துச்சு."