சம்பந்தி விட்டுச் சென்ற என்ஜின் சைக்கிள்

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு வணக்கம். இங்கு அனைவரும் நலம். அனைவரும் என்பதில் என்னைச் சேர்க்க வேண்டாம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் நலம்தானே.

மூன்று மாதப் பயணம் கிளம்பும்போது, தங்கள் தகப்பனார் காலத்து என்ஜின் சைக்கிளை என் வீட்டில் நிறுத்திவிட்டு, "வாரம் ஒரு தடவை ஓட்டுங்க, இல்லேன்னா துரு பிடிச்சிடும்" என்று சொல்லிப் போனீர்கள். முப்பது வருடம் லிஃப்ட் இயக்கியவன் நான். ஸ்டூலை விட்டு எழுந்ததே குறைவு. ஆனாலும் பெண்ணைக் கொடுத்த இடத்தில் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது. தாங்கள் எழுதித் தந்த தாளை மனப்பாடம் செய்தேன். முன்சக்கரத்துக்கு மேல் என்ஜின் உட்கார்ந்திருக்கும். லீவரைத் தள்ளினால் அது இறங்கி, அதன் சொரசொரப்பான உருளை டயரை அழுத்தும். உள்ளே பெட்ரோல் வெடிக்க வெடிக்க உருளை சுற்றும், உருளை சுற்ற டயரும் சுற்றும். லீவரை இழுத்தால் என்ஜின் மேலே எழும்பி, வெறும் சைக்கிள் ஆகிவிடும். வெடிக்கும் என்ற சொல்லைப் படித்த பிறகு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிறு காலை எங்கள் தெரு மேட்டில் ஏறி உட்கார்ந்து, பத்து மிதி மிதித்து, கண்ணை மூடிக்கொண்டு லீவரைத் தள்ளினேன். புஸ்ஸு புஸ்ஸுன்னு மூக்குக்கு முன்னாடி நாலு பாம்பு சீறின மாதிரி சத்தம், வண்டி பிச்சுக்கிட்டுப் பறக்குது, லீவரை இழுக்கிறேன், வர மாட்டேங்குது, பிரேக்கைப் பிடிக்கிறேன், ரப்பர் கட்டை கழண்டு எங்கேயோ போகுது, எதிரே சலவைக்கடைக்காரர், "நிறுத்துங்க, நிறுத்துங்க"ன்னு கத்துறேன், அவர் "எதைங்க?" என்று கேட்டு முடிப்பதற்குள் அவரைத் தாண்டிவிட்டேன். மகளை நினைத்துக்கொண்டேன். தங்கள் வண்டி நொறுங்கினால் நாளைக்கு அவள் மாமனார் முகத்தில் எப்படி விழிப்பாள் என்றுதான் நினைத்தேன், என் எலும்புகள் அப்புறம்தான் ஞாபகம் வந்தன.

தெருக்கோடியில் சமதரை வந்ததும் என்ஜின் தானாகவே மனமிரங்கி நின்றது. நின்ற இடம் பல் மருத்துவர் வாசல். பயத்தில் என் தாடை பூட்டிக்கொண்டது. நர்ஸம்மா வெளியே வந்து, "ரொம்ப வலிக்குதா? பேச வேணாம், உள்ளே வாங்க" என்று கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார். எனக்குப் பேச்சு திரும்பியபோது ஒரு கடைவாய்ப் பல் குறைந்திருந்தது.

இப்போது வண்டியை நடு அறையில் ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன். "கட்டிப் போட அது என்ன மாடா?" என்கிறாள் என் மனைவி. அவளுக்கு என்ன தெரியும், சீறியது என் மூஞ்சியில் அல்லவா. தயவுசெய்து யாரையாவது அனுப்பி இந்த வெடிமருந்தை எடுத்துப் போகச் சொல்லுங்கள். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் என் ஆசிகள், சம்பந்தியம்மாவுக்கு வணக்கம்.

தங்கள் அன்புள்ள,
பல் போன சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் தங்கள் பார்சல் வந்தது. உள்ளே கட்டைவிரல் அளவில் வெள்ளைப் பீங்கான் சாமான் ஒன்று, கூடவே தங்கள் சீட்டு: "ஸ்பார்க் பிளக்கைப் பத்திரமாகக் கழற்றி வைத்தவன் கொடுக்க மறந்துவிட்டேன். இது பொறி விடாமல் என்ஜின் ஓடாது. இதை மாட்டாவிட்டால் இதன் ஓட்டை வழியாகக் காற்றுதான் புஸ்ஸென்று போகும்." ஆக, என்ஜின் டயரைச் சுழற்றவில்லை, டயர்தான் என்ஜினைச் சுழற்றியிருக்கிறது, நான் போனது வெறும் இறக்கத்தில். மேலே எழுதிய புகார் அத்தனையையும் அடித்துவிடவும். ஆனால் தாங்களே நேரில் உடனே கிளம்பி வரவும். என் மனைவி பிளக்கை மாட்டிவிட்டாள், கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கிறாள்.