சிலேட்டும் பாண்டிச்சேரி பஸ்ஸும்

கூச்சப்படுகிறவனுக்குப் புறா வளர்ப்பதைவிட வசதியான காரியம் கிடையாது. ஏன் பேசாமல் நிற்கிறாய் என்று புறா கேட்காது. நாம் தலையைக் குனிந்துகொண்டாலும் தப்பாக எடுத்துக்கொள்ளாது, தானியம் போடக் குனிகிறான் என்று நினைத்துக்கொள்ளும். நான் புறா வளர்க்க ஆரம்பித்ததே அதற்காகத்தான். அந்தப் புறாவாலேயே ஒரு பஸ் நிறைய ஜனங்கள் என்னைத் திரும்பிப் பார்க்கும்படி ஆனது, எழுபதுகளின் கடைசியில். அப்போதுதான் எனக்கு மீசை வந்திருந்தது. (தைரியம் பின்னாலேயே வரும் என்று நினைத்திருந்தேன். மீசை நரைத்துவிட்டது, அதை இன்னும் காணோம்.)

திருவண்ணாமலையில் ஒரு மல்லாட்டை மண்டியில் எனக்கு வேலை. நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மூட்டையின் வாயைத் தைக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்குப் பொருத்தமான வேலை, யாரிடமும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. வேலை முடிந்தால் வீட்டு மொட்டைமாடியில் இருக்கும் புறாக்கூண்டுக்குப் போய்விடுவேன். அவை ஓமர் ஜாதி. எங்கே கொண்டுபோய் விட்டாலும் வீடு தேடி வந்துவிடும்.

பெரிய புறாக்கள் வந்துவிடும். குஞ்சுகள் விஷயம் அப்படியில்லை. சிறகு முளைத்துச் சில மாதமே ஆன குஞ்சை எவ்வளவு தூரத்திலிருந்து பந்தயம் விடலாம் என்பதில்தான் எங்கள் ஊர்ப் புறாக்காரர்களுக்குள் வருஷா வருஷம் சண்டை. முந்தின வருஷம் திண்டிவனத்தில் விட்டார்கள். மாவு மில் வைத்திருந்த தணிகாசலத்தின் குஞ்சுகள் வந்தன. மற்றவர்களுடையவை பெரும்பாலும் வரவில்லை. என்னுடையவற்றில் ஒன்றுகூட வரவில்லை. ரொம்ப நாள் வானத்தைப் பார்த்துக்கொண்டே மூட்டை தைத்து, விரலையும் சேர்த்துத் தைத்துக்கொண்டேன்.

இந்த வருஷம் என்னிடம் இருந்தது ஒரே குஞ்சு. தாயும் தகப்பனும் கவனிக்காமல் விட்டுவிட்டதால், ஊறவைத்த கடலைப் பருப்பை ஒவ்வொன்றாக அதன் வாயில் தள்ளி வளர்த்தேன். சாம்பல் நிறமாக இருந்ததால் சிலேட்டு என்று பெயர். நான் பேச, பதிலுக்குத் தலையை ஆட்டிய ஒரே ஜீவன் அதுதான். அதைத் திண்டிவனத்துக்கு அனுப்ப எனக்கு மனசில்லை. பந்தயத்துக்கே அனுப்பாமல் இருக்கவும் மனசில்லை.

தேரடித் தெருவில் பாஷா பாயின் சைக்கிள் கடையில்தான் கூடுவோம். எங்களில் பெரியவர் அவர். தணிகாசலம் மறுபடி திண்டிவனம் என்றார். வேறு யாரோ கீழ்பென்னாத்தூர் என்றதற்கு, கீழ்பென்னாத்தூரிலிருந்து தன் புறா நடந்தே வந்துவிடும் என்றார். நான் ஒரு டயருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எனக்குள் ஒரு யோசனை இருந்தது. எல்லோரும் டீக்குப் போன சமயம் பாய் காதில் சொன்னேன்.

யோசனை இதுதான். நான் எந்தக் காட்டில் நின்றாலும் எங்கள் ஊர் மலை கண்ணில் பட்டால் ஊர் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். புறாவுக்கும் அப்படித்தானே இருக்கும்? ஆகவே மலை கடைசியாக எங்கே தெரிகிறதோ, அதுதான் குஞ்சுகளுக்கு எல்லை. அதற்கு அப்பால் விடுவது கண்ணைக் கட்டி விடுவதற்குச் சமம்.

பாய் ஒரு ஸ்போக்கைத் திருகிக்கொண்டே கேட்டார். டீ குடித்து வந்தவர்களிடம், "முனுசாமி சொல்றதுல ஞாயம் இருக்குதுப்பா. திண்டிவனம் ஜாஸ்தி, கீழ்பென்னாத்தூர் கம்மி. மலை எதுவரைக்கும் தெரியுதுன்னு அவனே போய்ப் பாத்துட்டு வரட்டும்" என்றார். கடைசி இடத்தில் ஒரு குஞ்சை விட்டுப் பார்த்தால்தான் ஒப்புக்கொள்வேன் என்றார் தணிகாசலம். யாருடைய குஞ்சு என்று கேட்டபோது எல்லோரும் சைக்கிள்களைப் பார்த்தார்கள். யோசனை யாருடையதோ குஞ்சும் அவருடையது என்று முடிவாயிற்று.

மறுநாள் சிலேட்டை மூடி போட்ட பனையோலைக் கூடையில் வைத்துக்கொண்டு, செஞ்சி வழியாகப் பாண்டிச்சேரி போகிற தனியார் பஸ்ஸில் ஏறினேன். செஞ்சிக்கு டிக்கெட் எடுத்தேன். கடைசி வரிசையில் பின்பக்கக் கண்ணாடியை ஒட்டி உட்கார வேண்டும் என்பது திட்டம். அங்கே ஏற்கெனவே புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி உட்கார்ந்திருந்தது. மஞ்சள் கயிற்றில் ஈரம்கூடக் காய்ந்திருக்காது. அதற்கு முன் வரிசையில் உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பிப் பின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்தக் கண்ணாடியில் மலை தெரிந்த இடம், மணப்பெண்ணின் காதுக்கு ஒரு சாண் தள்ளி. இது எனக்கு அப்போது உறைக்கவில்லை. எனக்கு மலைதான் தெரிந்தது. (இதை என் மனைவி இன்றுவரை நம்பவில்லை.)

கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் மலை சிறுத்தது. அது சிறுக்கச் சிறுக்க நான் கண்ணைச் சுருக்கி உற்றுப் பார்த்தேன். வளைவுகளில் புளியமரங்கள் மறைத்தபோது பதறினேன். மறுபடி தெரிந்தபோது நிம்மதியில் சிரித்தேன். ஒரு இடத்தில் ரொம்ப நேரம் காணாமல் போய்த் திரும்ப வந்தது. அப்போது பல் தெரியச் சிரித்துவிட்டேன்.

"யோவ், இன்னா பாக்கற?" என்றான் மாப்பிள்ளை.

"மலையப் பாக்கறேங்க" என்றேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அந்த நேரம் பார்த்து மேற்கே மேகம் இறங்கி மழை கட்டியிருந்தது. கண்ணாடியில் வெறும் சாம்பல்தான். மலை இருந்த சுவடே இல்லை.

"எங்கடா மல?"

"இப்பதாங்க இருந்துது."

கீரைக் கட்டோடு தரையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "மலையப் பாக்கறவன் எதுக்குடா பல்லக் காட்டறான்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அதைச் சொல்ல மலை, குஞ்சு, திண்டிவனம், பாஷா பாய் எல்லாம் வேண்டும். அத்தனை வாக்கியங்களை நான் அதுவரை ஒரே நாளில் பேசியது கிடையாது. வாயை நம்பாமல் கையை நம்பினேன். கூடையின் மூடியைத் திறந்து, "புறாங்க" என்றேன்.

சிலேட்டு வெளியே வந்த வேகத்தை அதற்குப் பிறகு எந்தப் பந்தயத்திலும் காட்டியதில்லை. மாப்பிள்ளையின் தலையில் ஒரு கால் வைத்து, கண்டக்டரின் விசிலைத் தட்டிவிட்டு, கீரைக்கார அம்மாவின் முந்தானைக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. எல்லோரும் குனிந்தார்கள். நிமிர்ந்தபோது புறா இல்லை. ஜன்னல்கள் திறந்திருந்தன. மாப்பிள்ளை என் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டதால் எந்த ஜன்னல் வழியாகப் போனது என்று என்னால் பார்க்க முடியவில்லை.

"வுட்டுடுங்க, பாவம்" என்றது மணப்பெண். "பாத்தா புத்தி சரியில்லாதவரு மாதிரி இருக்குது."

எனக்காக ஒரு பெண் பேசிய முதல் வார்த்தை அது. கண்டக்டர் அதை ஏற்றுக்கொண்டு, காலரை விடுவித்து, விசில் ஊதி என்னை இறக்கிவிட்டார். செஞ்சி இன்னும் வரவில்லை.

பஸ் போன கொஞ்ச நேரத்தில் மேகம் விலகியது. மலை கட்டைவிரல் உயரத்துக்குத் தெளிவாக நின்றது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் அது எங்கள் ஊர் மலைதானே என்று கேட்டேன், யாராவது சாட்சி வேண்டும் என்று. ஆமாம் என்று சொல்லிவிட்டு அவர் ஆடுகளைக் கொஞ்சம் தள்ளி ஓட்டிக்கொண்டு போனார்.

அங்கே நின்றபோதுதான் விஷயம் புரிந்தது. சிலேட்டு பறந்த நேரத்தில் மலை தெரியவில்லை. அது வீடு வந்துவிட்டால் என் யோசனை பொய். வராவிட்டால் யோசனை மெய், சிலேட்டு போய்விட்டது. நான் ஜெயிக்க வேண்டுமானால் அது தொலைய வேண்டும். யோசனை நாசமாகப் போகட்டும் என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். ஆனாலும் ஒரு ஓரத்தில், மலை இல்லாமல் எதைப் பார்த்து வருவாய் என்று அதைக் கேட்கும் ஆசை இருந்துகொண்டேயிருந்தது.

திரும்பி வந்த பஸ்ஸில் என் காலைத் தவிர எதையும் பார்க்கவில்லை. மொட்டைமாடியில் பாயும் தணிகாசலமும் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கூண்டில் சிலேட்டு இல்லை.

"வுட்டியா?" என்றார் பாய்.

"வுட்டேன்."

"எங்க?"

"பஸ்ல."

தணிகாசலம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்காமல் இருந்ததுதான் பயமாக இருந்தது. இருட்டும்வரை தானிய டப்பாவைக் குலுக்கிக்கொண்டு மூன்று பேரும் நின்றோம். வரவில்லை. போகும்போது தணிகாசலம், தன் கூண்டிலிருந்து ஒரு ஜோடி தருகிறேன் என்றார். ஆறுதல் சொல்லத் தெரியாதவர் ஆறுதல் சொன்னால் நம்பிக்கை போய்விடுகிறது.

மறுநாள் காலையில் மண்டி வாசலில் அதே கண்டக்டர் நின்றார். நான் மூட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டேன். அவர் பிஸ்கட் அட்டைப்பெட்டி ஒன்றை முதலாளி மேஜைமேல் வைத்து, "புறாக்கார தம்பி இங்கதான்னு பஸ் ஸ்டாண்டுல சொன்னாங்க" என்றார். பெட்டிக்குள் சிலேட்டு இருந்தது.

எந்த ஜன்னல் வழியாகவும் அது போகவில்லை. கடைசி சீட்டுக்கு அடியில், மூட்டைகளுக்கு இடையில் இருட்டில் போய் உட்கார்ந்திருக்கிறது. செஞ்சி, திண்டிவனம் எல்லாம் தாண்டி, பாண்டிச்சேரியில் வண்டியைப் பெருக்கும்போதுதான் கண்டிருக்கிறார்கள். கண்டக்டர் அதற்கு அரிசி போட்டு, காலை வண்டியில் தன் பக்கத்திலேயே வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்.

சிலேட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிள் கடைக்கு ஓடினேன். பாய் அதன் சிறகை விரித்துப் பார்த்தார். தணிகாசலம் அதை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். எங்கள் ஊரில் பாண்டிச்சேரி வரை போய்த் திரும்பிய முதல் குஞ்சு அதுதான் என்பது அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

எனக்கு வேறொன்று உறுத்தியது. அத்தனை ஜன்னல்கள் திறந்திருந்தும் அது இருட்டைத் தேடிப் போயிருக்கிறது. மலை தெரிகிறதா இல்லையா என்பதெல்லாம் நான் போட்ட கணக்கு. சிலேட்டுக்கு வெளியே போகவே பயம். எவ்வளவு தூரம் என்ற கேள்விக்குக் குஞ்சே பதில் சொல்லிவிட்டது என்று தோன்றியது. அதை, டயருக்குப் பின்னால் போகாமல், எல்லோருக்கும் முன்னால் சொன்னேன்.

பாய் சிறகை மடித்து என்னிடம் தந்தார். "அப்ப முடிவு ஆயிடுச்சு. குஞ்சுங்களுக்குக் கீழ்பென்னாத்தூர். அதுக்கு மேல போவணும்னா பஸ்ஸு."

தணிகாசலம்கூட எதிர்த்துப் பேசவில்லை. அந்த வருஷம் கீழ்பென்னாத்தூரில் விட்டோம். ஒரு குஞ்சும் தொலையவில்லை. சிலேட்டு கடைசிக்கு முந்தினதாக, நடந்து வருகிற தோரணையில் வந்து சேர்ந்தது. அடுத்தடுத்த வருஷங்களில், வயது ஏறிய புறாக்களை மலை தெரியாத ஊர்களில், மேகம் கட்டிய நாளில்கூட விட்டுப் பார்த்தோம். வந்தன. எதைப் பார்த்து வருகின்றன என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்டால் தலையை ஆட்டுகின்றன.

என் கல்யாணத்தன்று தணிகாசலம் முழுக் கதையையும் மணப்பெண்ணிடம் சொல்லிவிட்டார். கீரைக்கார அம்மாவின் குரலையும் சேர்த்து. இப்போது எங்கள் வீட்டில் இருப்பதெல்லாம் சிலேட்டின் வம்சம். ஊரில் அவற்றுக்குப் பஸ் புறா என்றே பெயர். குஞ்சு வாங்க வருகிறவர்கள் கூண்டைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, இது பறந்து வருமா, டிக்கெட் எடுக்கணுமா என்று கேட்பார்கள். நான் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொள்வேன். உள்ளேயிருந்து என் மனைவிதான் பதில் சொல்வாள்.

"இவரு கூடப் போவாம இருந்தா, பறந்தே வந்துடும்."