நாலு பத்துக்கு மேல் நான் பொறுப்பல்ல

நாமக்கல் லாரி முதலாளி சென்னியப்பன் தமது பழைய செல்போனை விற்பதென்று முடிவெடுத்தார். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மனிதர் இதுவரை ஏழு லாரி விற்றவர். லாரி விற்றால் டெலிவரி நோட்டு எழுதுவது எங்கள் பக்கத்து வழக்கம். இத்தனை மணி வரைக்கும் வந்த வம்பு விற்றவருக்கு, அதற்கு மேல் வருவது வாங்கினவருக்கு என்று நேரம் போட்டுக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அச்சடித்த நோட்டு மேசையிலேயே கிடந்தது. போனுக்கும் ஒன்றைக் கிழித்துவிட்டார்.

வாங்கினவர் பனமரத்துப்பட்டி தீர்த்தகிரி, விசைத்தறித் தொழிலாளி. சேஸ் நம்பர் என்ற இடத்தில் போனின் நம்பரையும், டயர் நிலைமை என்ற இடத்தில் 'சுமார்' என்றும் எழுதி, மாலை 4.10 என்று போட்டு இருவரும் கையெழுத்திட்டார்கள். பன்னிரண்டாம் நாள் போன் செத்தது. ரிப்பேர் கடைக்காரர் கழற்றிப் பார்த்து, உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்றார். எப்போது போனது? 4.10க்கு முன்பா, பின்பா?

தீர்த்தகிரியின் கெட்ட நேரம், சும்மா யோசனை கேட்கலாமென்று ஒரு காவல் நிலையத்துக்குப் போனார். எந்த நிலையம் என்று என்னைக் கேட்காதீர்கள். ஹெல்மெட் இல்லாமல் நான் தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன்.

ஏட்டு குமரகுரு நோட்டைப் படித்துப் பூரித்துப் போனார். பழைய போன் தகராறு என்று வருகிறவர்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. இவ்வளவு ஒழுங்கான ஆவணம் இருக்கும்போது விசாரிக்காமல் விட்டால் சட்டம் என்ன நினைக்கும்? போனை உறையில் போட்டு அரக்கு வைத்துவிட்டார்.

அங்கேதான் பிடித்தது சனி. தீர்த்தகிரியின் மகள் தேவிப்ரியாவுக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங். வெள்ளி மாலை ஐந்துக்குள் கல்லூரியை உறுதி செய்ய வேண்டும். ஓடிபி வருகிற சிம் உறைக்குள் இருந்தது. கேட்டால், விசாரணை முடியட்டும் என்றார் ஏட்டு. அதே நம்பருக்கு வேறு சிம் வாங்கப் போன இடத்தில், பழையது தொலைந்ததாக ஸ்டேஷனில் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். ஸ்டேஷனில் பத்திரமாக இருப்பதைத் தொலைந்தது என்று எப்படி எழுதுவது? ஏட்டு மனசாட்சி உள்ளவர், மறுத்துவிட்டார். தீர்த்தகிரி மூன்று நாள் தறிக்குப் போகாமல் அலைந்தார். பார்த்து எனக்கு வயிறெரிந்தது.

சென்னியப்பனை அழைத்து விசாரித்தார்கள்.

"கோளாறு தெரிஞ்சே வித்தீங்களா? மறைச்சு வித்திருந்தா மோசடி. தெரியாம வித்திருந்தா வாங்கினவர் பாடு."

"தெரிஞ்சாத்தானுங்க விக்கிறதே," என்றார் சென்னியப்பன். "லாரியெல்லாம் அப்படித்தானுங்க தள்ளியுடறது. இது ஒண்ணைத்தான் நல்லா இருக்குதுன்னு நம்பி வித்தனுங்க."

இதை எந்தப் பிரிவில் எழுதுவதென்று ஏட்டுக்கு விளங்கவில்லை. நோட்டு வாகன நோட்டு என்பதால் பிரேக் இன்ஸ்பெக்டரின் கருத்துக் கோரப்பட்டது. அவரும் வந்து, மேற்படி வாகனத்தை ஓட்டிப் பார்க்க இயலவில்லை, ஹாரன் வேலை செய்யவில்லை என்று இரண்டு பக்க அறிக்கை கொடுத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் தேவிப்ரியாவே ஸ்டேஷனுக்கு வந்து நின்றாள். கைப்பற்றிய பொருளின் பட்டியலைப் படிக்கச் சொன்னாள்.

"செல்போன் ஒன்று, கருப்பு, டயர் சுமார்," என்று படித்தார் ஏட்டு.

"சிம்னு எழுதலையே சார். அப்ப கணக்குப்படி அது உங்ககிட்ட இல்ல. இல்லாததை நாங்க எடுத்துட்டுப் போறோம்."

பட்டியலில் இல்லாத பொருள் ஸ்டேஷனில் இருந்தால் ஏட்டின் வேலைக்கே ஆபத்து. அவசர அவசரமாக அவரே அரக்கை உடைத்து, குத்தி எடுக்க ஊசியும் தேடிக் கொடுத்தார். சிம்மை அம்மா பழனியம்மாளின் போனில் போட்டாள். 4.52க்கு ஓடிபி வந்தது. சேலத்திலேயே இடம் கிடைத்தது.

தண்ணீர் எப்போது போனது என்று இன்றுவரை முடிவாகவில்லை. பொறுப்பேற்க ஒருவருமில்லை. ஆனால் பெண்ணுக்கு இடம் கிடைத்ததற்குப் பொறுப்பேற்க ஆளுக்கு ஆள் முந்தினார்கள். மறுநாளே பஸ் ஸ்டாப்பில் இருபதடி பிளெக்ஸ். கூலிங் கிளாஸோடு சென்னியப்பன், தொப்பியோடு ஏட்டு, கைகட்டியபடி பிரேக் இன்ஸ்பெக்டர், ஓரத்தில் கும்பிட்டபடி நான். நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? வயிறெரிந்தேனே.

தேவிப்ரியா படம் மட்டும் இல்லை. அவள் படமெல்லாம் அந்தப் போனில் இருக்கிறதாம். விசாரணை முடிந்ததும் ஒட்டிக்கொள்ளலாம் என்று நடுவில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறோம்.