பேராசிரியரின் பெருவிரல் பெட்டி

"பெருவிரலை வையுங்கள், எதிர்காலத்தைக் கொண்டு செல்லுங்கள்!" கட்டுகஸ்தோட்டை வீதியில் ஒரு மின்கம்பம் தப்பாமல் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பேராசிரியர் சுமனின் நரம்பலைப் பெட்டி, பிள்ளையின் பெருவிரலைத் தொட்டதுமே அது எந்தத் தொழிலுக்குப் பிறந்தது என்று சொல்லிவிடுமாம். எந்தப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் என்று கேட்பது மரியாதையில்லை; யாரும் கேட்கவில்லை. புசல்லாவையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தார்கள். ஹுன்னஸ்கிரியவிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். கண்டி வாவியின் ஆமைகள்கூடக் கரையேறி வரிசையில் நின்றதாகப் பேச்சு. அது மிகை. ஒரே ஓர் ஆமைதான் வந்தது. அதற்கும் டோக்கன் கிடைக்கவில்லை.

முஹைதீனுக்குக் கிடைத்தது. மின்சாமான் கடைக்காரர். மகள் அபீபா ஓ.எல். பரீட்சை பாஸ். திங்கட்கிழமை உயர்தர வகுப்புக்குப் பிரிவு எழுதிக் கொடுக்க வேண்டும். அவளுக்குத் தொழில்நுட்பத்தில் ஆசை. கடைக்கு வரும் செத்த கிரைண்டர்களை எழுப்பி உட்கார வைப்பவள் அவள்தான். அவருக்கோ உயிரியல், பிறகு வாசலில் 'டாக்டர்' என்று ஒரு பலகை. தவளையைக் கண்டால் மகள் கதிரையில் ஏறி நிற்பாள் என்பது அவருக்கும் தெரியும். அதெல்லாம் படித்தால் சரியாகிவிடும்.

"பெட்டி என்ன செல்லுதோ அதான், மகள். அதுக்குப் பொறகு பேச்சில்ல."

"பெட்டி தொழில்நுட்பம் என்டு சென்னா?"

"செல்லாது," என்றார் முஹைதீன். விஞ்ஞானத்தின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

மண்டபத்தில் உபசாரம் பலம். பேராசிரியரின் உதவியாளர் நிலூஷா சிரித்த முகத்தோடு கதிரை கதிரையாக வந்தாள்.

"மகள என்னவாக்க ஆசை, அங்கிள்?"

"டாக்டர்தான், வேறென்ன!"

வெள்ளைக் கோப்பையில் இஞ்சித் தேத்தண்ணி வந்தது. பக்கத்தில் ஹந்தானைத் தோட்டத்துக் கறுப்பையா, "எம்மவன லோயராக்கணும்ங்க," என்றார். அவருக்குப் பச்சைக் கோப்பை. கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போவது நம்மூரில் அவமரியாதை. நிலூஷாவோ கொதிக்கக் கொதிக்கத்தான் கொடுத்தாள். ஆகவே பெற்றோர் எல்லாரும் கோப்பையும் கையுமாகவே மேடையேறினார்கள்.

மேடையில் பிள்ளை பெட்டியை மூடிய கறுப்புத் துணிக்குள் கையை விடும். பெட்டி ஙொய்யென்று முனகும். பேராசிரியர் பெற்றோரை ஒருமுறை கருணையோடு பார்த்துவிட்டுக் கண்ணை மூடுவார்.

"டாக்டர்!" கைதட்டல்.

"இன்ஜினியர்!" கைதட்டல்.

பெற்றோர் விரும்பாத விரல் ஒன்றுகூட அந்த மண்டபத்தில் இல்லை. முஹைதீனுக்குப் புல்லரித்தது. அபீபா மேடையேறுபவர்களின் வெள்ளை, பச்சை, நீலக் கோப்பைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்தில் குனிந்தாள்.

"அங்கிள், வாப்பாட கோப்பையும் உங்கடதும் மாத்துவமா?"

"ரெண்டுலயும் ஒரே தண்ணிதானே பாப்பா. எடுத்துக்க," என்றார் கறுப்பையா.

மேடையிலேயே லயித்திருந்த முஹைதீன், மகள் கையில் கொடுத்ததைப் பிடித்துக்கொண்டார்.

டோக்கன் கூப்பிட்டார்கள். அபீபா துணிக்குள் கையை விட்டாள். பெட்டி முனகியது. பேராசிரியர் முஹைதீனைப் பார்த்தார், கண்ணை மூடினார், சிலிர்த்தார்.

"ஆஹா! வாதாடும் விரல்! கறுப்புக் கோட்டுப் போட்டுப் பிறந்த விரல்! லோயர்!"

முஹைதீன் பதறிப்போனார். "லோயரா? சேர், இன்னொருக்கா பாருங்க. நான் டாக்டர் என்டுதானே சென்னேன்!"

"யாருக்கிட்ட சென்ன வாப்பா?" என்றாள் அபீபா.

"தேத்தண்ணி தந்த புள்ளக்கிட்ட..." கையிலிருந்த பச்சைக் கோப்பையைப் பார்த்தார்.

அபீபா துணியைத் தூக்கினாள். பெருவிரல் வைக்க வேண்டிய கண்ணாடியின் மேல், விரலுக்குப் பதிலாக, வரிசையில் நிற்கும்போது பசித்தால் தின்ன வாப்பா வாங்கித் தந்த மாலு பான் இருந்தது. மீன் அடைத்த, மூன்று மூலைப் பணிஸ்.

"இவர்தான் சேர் நீங்க சென்ன லோயர்."

"மாவுக்கும் நரம்பலை உண்டு..." என்று தொடங்கினார் பேராசிரியர். சிரிப்பில் மிச்சம் கேட்கவில்லை.

கீழேயிருந்து கறுப்பையா வெள்ளைக் கோப்பையை உயர்த்தினார். "அப்ப எம்மவன் டாக்டருங்களா சாமி? ஊசியக் கண்டா லயத்து வீட்டுக்கே ஓடிருவானே!"

"நீலக் கோப்பை?" என்றது ஒரு குரல்.

"இன்ஜினியர்!" என்று பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள்.

அதற்குள் அபீபா பெட்டியின் பின்பலகையைக் கழற்றியிருந்தாள். உள்ளே ஒரு பழைய மிக்ஸி மோட்டர்.

"பேரிங் போயிருக்கு சேர். அதான் முனகுது. கடைக்குக் கொண்டாங்க, செஞ்சி தாறன்."

பேராசிரியர் கொண்டுவரவில்லை. பெட்டியை விட்டுவிட்டு நிலூஷாவோடு பின்கதவால் ஓடித் திரீவீலரில் ஏறிவிட்டார். மேடையில் முஹைதீன் மட்டும் அந்த மோட்டரையும், அதைத் தொட்டுப் பார்த்த மகளின் விரல்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீதிக்கு வந்ததும் தொண்டையைச் செருமினார்.

"மகள், ஒனக்கு என்ன படிக்க ஆசை?"

தேத்தண்ணி கொடுத்தவளுக்கு எவ்வளவு லேசாக வந்த கேள்வி! வாப்பாவுக்கு அதைக் கேட்க ஒரு மண்டபமும் ஒரு மாலு பானும் தேவைப்பட்டன. அவள் பதில் சொன்னாள். திங்கட்கிழமை அதையே எழுதிக் கொடுத்தார்கள்.

பெற்றோரே, பெருவிரலுக்கு வாய் கிடையாது. வாயுள்ள பிள்ளை வீட்டிலேயே இருக்கிறது, கேட்டுப் பாருங்கள், டோக்கன் வேண்டாம். அந்த ஆமைக்குக்கூட இது விளங்கிவிட்டது. மத்தியானமே வாவிக்குத் திரும்பிவிட்டதாம்.