பன்னிரண்டு செல்லாத சீட்டும் ஒரு மின்விசிறியும்

லிங்கராஜபுரம், பெங்களூரு.
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் பழனிச்சாமி அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் உத்தமன் எழுதிக்கொண்டது. அநேக வணக்கம். ருக்கு நலமாக இருக்கிறாள். சொல்லப்போனால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கொஞ்சம் அதிகமாகவே நலமாக இருக்கிறாள். தங்கவயலில் நீங்களும் அக்காவும் அக்காவின் முழங்காலும் சௌக்கியமா? போனில் பேசலாம்தான். ஆனால் போனை இனி நம்புவதற்கில்லை, அதனால்தான் தபால்.

நம் தமிழர் நலச் சங்கத்துக்குப் பதினேழு வருஷமாக நான் செயலாளர். ஃபேக்டரியில் ரிட்டயர் ஆன மறுநாளிலிருந்து என்னை 'சார்' என்று கூப்பிடுவது அந்தச் சங்கம் ஒன்றுதான், உங்களுக்குத் தெரியாததா? கொரோனாவுக்குப் பிறகு ஆண்டுக் கூட்டத்தை வாட்ஸ்அப்பிலேயே ஓட்டிவிட்டோம். இந்த வருஷம் நேரில் கூடலாம் என்றதும், என்னை எதிர்த்து நின்ற அலெக்சாண்டர், "காலம் மாறிப்போச்சு சார், இப்பல்லாம் மீட்டிங் நடத்தறதுக்குன்னே ஆள் இருக்காங்க" என்று தாரணி என்ற பெண்ணைக் கூட்டிவந்தான். கல்யாணம் நடத்த ஆள் வைப்பார்கள், சரி. கூட்டம் நடத்த ஆளா? அப்போதே எனக்குப் பொறி தட்டியது.

அந்தப் பெண் முதலில் பந்தியில் கை வைத்தாள். "ஒட்டி உக்காந்து சாப்பிட இப்ப நிறையப் பேர் பயப்படறாங்க அங்கிள், ஆளுக்கொரு டப்பா கொடுத்துடலாம்" என்றாள். மச்சான், வருஷா வருஷம் நானே சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு இலை இலையாகப் போய்த்தானே ஓட்டுச் சேர்ப்பேன்! டப்பாவிடம் போய் என்ன பேசுவது? இது அவளுக்கு எப்படித் தெரியும்? யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்தது கைப்பட்டை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தன்று வாசலிலேயே மூன்று நிறத்தில் வைத்திருந்தாள். ஏதோ விளக்கம் சொன்னாள், நான் காது கொடுக்கவில்லை. யார் எந்தக் கட்சி என்று அடையாளம் பார்க்கத்தானே இதெல்லாம்? அலெக்சாண்டர் பச்சையை எடுத்தான். நான் விடுவேனா? நம்ம ஆளுங்க எல்லாரையும் சிவப்புக் கட்டச் சொன்னேன். பலம் தெரியட்டும் என்று பார்த்தால், ஹாலில் ஒருத்தரும் எங்கள் பக்கத்திலேயே வரவில்லை. நான் கை கொடுக்கப் போனால் ஆறடி தள்ளி நின்று கும்பிடுகிறார்கள். பச்சை என்றால் கட்டிப்பிடிக்கலாம், மஞ்சள் என்றால் முழங்கையால் இடித்துக்கொள்ளலாம், சிவப்பு என்றால் கிட்டே வராதே என்று அர்த்தமாம். அந்த அலெக்சாண்டர் ஹால் முழுக்க ஒவ்வொருத்தனாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு போகிறான், நாங்கள் அம்மை போட்ட வீட்டுக்காரர்கள் மாதிரி மூலையில் நிற்கிறோம்.

மேடையில் பெரிய திரை. வெளியூர் ஆயுள் உறுப்பினர்கள் வீட்டிலிருந்தே கலந்துகொள்ளலாமாம், ஓட்டும் போடலாமாம். கட்டம் கட்டமாக முகங்கள். ஒருத்தர் நாற்பது நிமிஷம் கண் சிமிட்டவேயில்லை, அது வெறும் போட்டோ என்று நான் சத்தியம் பண்ணுவேன். உங்கள் கட்டத்தில் போனை மல்லாத்தி வைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது, மின்விசிறி மட்டும்தான் தெரிந்தது. இருந்தாலும் அதைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தெம்பாக இருந்தது. அத்தனை சதிக்கும் நடுவில் எனக்கென்று ஒரு ஓட்டு சுற்றிக்கொண்டிருக்கிறதே!

பதினேழு வருஷமாகக் கை தூக்கித்தான் தேர்தல். இந்தப் பெண் சுவரில் கட்டம் போட்ட ஒரு படத்தை ஒட்டி, போனைக் காட்டி ஓட்டுப் போடச் சொல்கிறாள். அந்தப் படத்துக்குப் போனைக் காட்டினால் பேங்க் பணம் போய்விடும் என்று நான் நம்ம ஆளுங்களை எச்சரித்தேன். "போன் வேண்டாம்னா மேஜையில சீட்டு இருக்கு அங்கிள்" என்றாள், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை. சீட்டை மாத்திட்டா? அதனால் சீட்டு எடுத்த நம்ம ஆளுங்க பன்னிரண்டு பேரையும் பின்பக்கம் கையெழுத்துப் போடச் சொன்னேன். நான் தேதியும் போட்டேன். கையெழுத்தில்லாத காகிதத்துக்கு ஏது மரியாதை, நீங்களே சொல்லுங்க! கடைசியில் பெயர் தெரியும் சீட்டு செல்லாது என்று பன்னிரண்டையும் தள்ளிவிட்டார்கள். அலெக்சாண்டருக்கு நாற்பத்திரண்டு, எனக்கு நாற்பத்தொன்று. ஒரே ஒரு ஓட்டு மச்சான்! இனி யார் என்னை சார்ங்கப் போறாங்க?

ஆகையால் வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் புறப்பட்டு வர வேண்டும். நீங்கள் எனக்குப் போட்ட ஓட்டு எங்கே போனது என்று கமிட்டி முன்னால் நீங்களே கேட்க வேண்டும். இந்தப் பெங்களூரில் யாரையும் நம்ப முடியவில்லை. உங்களைத்தான் மலை போல நம்பியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், அக்காவுக்கு நமஸ்காரம்.

இப்படிக்கு,
உங்கள் மேல் மட்டும் சந்தேகமில்லாத,
உத்தமன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் தாரணி அறிக்கை அனுப்பிவிட்டாள். பெயர் இல்லை, ஊர்வாரியாக ஓட்டுக் கணக்கு மட்டும். தங்கவயல்: ஒன்று, அலெக்சாண்டருக்கு. தங்கவயலில் நமக்கு எத்தனை உறுப்பினர் என்று நான் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை, உங்களைச் சேர்த்தவனே நான்தான்.

சத்தமாகப் படித்தேன். ருக்கு அரிசி களைந்துகொண்டே, "அண்ணனத் திட்டாதீங்க, நாந்தான் போடச் சொன்னேன்" என்கிறாள். ரெண்டாவது அலையில் வீடு வீடாகச் சங்கத்து அரிசியைக் கொண்டுபோய்க் கொடுத்து நோயை வாங்கி வந்தேனே, பதினெட்டு நாள் அவள் ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடந்தாளே. "இன்னொரு வாட்டி அந்த வாசல்ல உக்கார என்னால ஆகாது" என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். சாட்சி சொல்ல வேண்டாம், சாப்பிட வாருங்கள். இலை போட்டு நானே பரிமாறுகிறேன். உங்களோடு பேச்சு மட்டும் கிடையாது.