மேசையில் வைத்தவர்

சனிக்கிழமைதோறும் வேர்னா சவாட்ஸ்கி அம்மாளின் மளிகைப் பைகள் மூன்றாவது மாடிக்குத் தாமாகவே ஏறிவிடும். கடைக்காரர் தெருக்கதவோடு வைத்துவிட்டுப் போய்விடுவார். லிஃப்ட் கிடையாது. ஆனாலும் சற்று நேரத்தில் அந்த அம்மாளின் கால்மிதியின்மேல் பைகள் உட்கார்ந்திருக்கும், மணி அடிக்கும், கதவைத் திறந்தால் ஆள் இருக்காது. இரண்டாவது மாடியில் குடியிருக்கும் எனக்கு மட்டும் படியில் கேட்கும் அந்த மூச்சிரைப்பு யாருடையது என்று தெரியும். எங்கள் ஹால்ட்பரி நகரசபை உறுப்பினர் டெல்பர்ட் ஹெய்ன்ஸ்வொர்த்தினுடையது.

இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். ஒருவரைக் கேலி செய்யுமுன் அவருடைய நல்லதை எடுத்து வெளியே வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் ராத்திரி ஜெபம் பண்ணும்போது நாக்கு குழறும்.

இனி அவர் எந்த இனத்து மனிதர் என்று சொல்கிறேன். உலகத்தில் எந்த ஊரிலும், எந்தக் குழுவிலும், நான்கு பேர் ஒரு காரியம் செய்ய உட்கார்ந்த எந்த அறையிலும் இந்த இனத்தில் ஒருவர் உண்டு. அவர் 'பார்த்துடலாமே' மனிதர். அவர் எதையும் எதிர்க்க மாட்டார். எதிர்ப்பவரோடாவது சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வரலாம். இவர் எல்லாவற்றுக்கும் சம்மதம், இன்றைக்கு மட்டும் வேண்டாம். கண்ணாடியைக் கழற்றுவார், கழுத்துப்பட்டையின் நுனியால் துடைப்பார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், மறுபடியும் துடைப்பார். அதற்குள் நம்முடைய ஆவேசத்தில் பாதி ஆறிப்போயிருக்கும். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நான் இதுக்கு எதிரி இல்லை" என்பார். அங்கேயே காரியம் செத்துவிட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். அடக்கம் செய்வதற்கான வார்த்தை அடுத்து வரும்: "எதுக்கும் இன்னொரு தடவை பார்த்துடலாமே."

யார்தான் 'பார்க்க வேண்டாம்' என்று சொல்ல முடியும்?

டெல்பர்ட் தன் வீட்டு வண்டிக்கொட்டகைக் கதவுக்கு நிறம் பூசுவதற்காக மூன்று நிறங்களைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பூசிப் பார்த்தார். சதுரங்கள் இன்னும் இருக்கின்றன. கதவுதான் கீழ்ப்பக்கம் உளுத்துவிட்டது. கடைத்தெருவில் காலைச் சாப்பாடு போடும் பெண்மணி அவரிடம் என்ன வேண்டும் என்று கேட்பதே இல்லை, முட்டையைக் கொண்டுவந்து வைத்துவிடுவாள். கேட்டால் மத்தியானச் சூப்பு கொதிக்கும் நேரம் வந்துவிடும் என்பது அவள் அனுபவம்.

அவரை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. முன்பு ஒருநாள் பளபளப்பான சட்டை போட்ட ஒருவன் வந்து ஆற்றங்கரையில் சறுக்கு விளையாட்டுப் பூங்கா கட்டித் தருகிறேன் என்றான். எல்லாரும் கைதூக்கத் தயார். டெல்பர்ட் கண்ணாடியைத் துடைத்தார். பார்த்துடலாமே என்றார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஆள் வேறு மாகாணத்தில் மோசடி செய்து கைவிலங்கோடு அகப்பட்டான். அன்றைக்கு ஊரே டெல்பர்ட்டின் முதுகைத் தட்டியது. ஒரு மனிதனைக் கெடுக்க அவன் ஒருமுறை சரியாக இருந்துவிட்டால் போதும்.

அப்புறம் அடுப்புத் தொழிற்சாலை விவகாரம் வந்தது.

ஹால்ட்பரி அடுப்பு என்றால் ஒரு காலத்தில் இந்த நாட்டின் பாதி வீடுகளில் ரொட்டி சுட்டது. தொழிற்சாலை மூடி வெகு காலம் ஆயிற்று. ஆற்றோரமாக உடைந்த ஜன்னல்களும், முள்ளுச்செடியும், உயரமான செங்கல் புகைபோக்கியும் மிச்சம். அந்த இடத்தில் வயதானவர்களுக்குத் தரைத்தள வீடுகள் கட்டித் தருவதாக ஒரு வீட்டுவசதிச் சங்கம் முன்வந்தது. மாகாண அரசின் உதவிப்பணம் கையில் இருந்தது. நகரசபை வசந்தம் முடிவதற்குள் நிலத்தைக் கொடுக்கச் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான். சம்மதிக்காவிட்டால் பணம் வேறு ஊருக்குப் போகும்.

வேர்னா அம்மாள் அதில் ஒரு வீட்டுக்குப் பெயர் கொடுத்திருந்தார். இரண்டு முழங்காலும் போய்விட்டன. குளிர்காலம் முழுக்க மூன்றாவது மாடியிலேயே இருப்பார். ஈஸ்டருக்குச் சர்ச்சுக்கு வந்தால் அதைப் பெரிய பாக்கியமாகச் சொல்லுவார். அவர் கேட்டது அரண்மனை அல்ல. தெருவிலேயே திறக்கிற ஒரு கதவு. அது கிடைக்காவிட்டால் வெகு தூரத்தில், சஸ்காச்சுவான் மாகாணத்தில் இருக்கும் மகன் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவான். அங்கே அவருக்கு மகனைத் தவிர யாரையும் தெரியாது. இங்கே அவரைத் தெரியாதவர் கிடையாது, ஊரில் பாதிப் பேருக்கு ஞாயிறு பள்ளியில் பைபிள் கதை சொல்லிக் கொடுத்தவர் அவர். டெல்பர்ட்டும் அதில் ஒருவர்.

டெல்பர்ட் எதிரி இல்லை. முதல் கூட்டத்திலேயே அதைத் தெளிவாகச் சொன்னார். மண்ணில் இரும்புக் கசடு இருக்குமே, எதுக்கும் பார்த்துடலாமே என்றார். பார்த்தார்கள். ஒரு மூலையில் மண்ணை மாற்றினால் போதும் என்று வந்தது. போக்குவரத்து அதிகமாகுமே என்றார். ஆட்களை நாற்காலி போட்டு உட்காரவைத்து வண்டிகளை எண்ணினார்கள். பெரும்பாலும் ஒரே வண்டி, அதுவும் எண்ணுகிறவர்களுக்குக் காப்பி கொண்டுவந்த வண்டி. பிறகு அந்த இடத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று ஒரு முழுக் கூட்டம் போனது. கடைசியில் புகைபோக்கியைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் உழவாரக் குருவிகள் கூடு கட்டியிருந்தன. கோடை அந்தியில் அவை கூட்டமாகச் சுழன்று சுழன்று உள்ளே இறங்குவதைப் பார்த்தால், வெளியே போன புகையெல்லாம் மனம் மாறி வீட்டுக்குத் திரும்புவது போலிருக்கும். பறவை நிபுணர் ஒரு அம்மாள் வந்து, புகைபோக்கியைத் தொடாமல் சுற்றி வீடு கட்டுங்கள், குருவிகள் கண்டுகொள்ளாது என்றார். சங்கத்தார் உடனே ஒப்புக்கொண்டார்கள். டெல்பர்ட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, குளிருக்காகக் குருவிகள் வெளியூர் போயிருக்கும் காலத்தில் நாமாக முடிவு எடுப்பது சரியா என்று கேட்டார்.

மற்ற உறுப்பினர்கள் அவர்மேல் கோபப்படவில்லையா என்று கேட்பீர்கள். ஏன் கோபப்பட வேண்டும்? அவர் ஒருவர் இருந்ததால் மற்ற அத்தனை பேரும் துணிச்சல்காரர்கள். வாக்காளர்களிடம் போய், நாங்க ரெடிதான், அந்த டெல்பர்ட்தான், என்று சொல்லிவிடலாம். பார்த்துடலாமே மனிதர் தனியாக வளர்வதில்லை. அவருக்கு நீர் ஊற்ற ஒரு குழு வேண்டும்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் ஊர் ஆற்றுக்கு இந்தக் கரை. அந்தக் கரை அமெரிக்கா. இரண்டு பக்கமும் ஒரே மொழி, ஒரே மீன், ஒரே கொசு. ஒரு வார்த்தை மட்டும் ஆற்றைக் கடக்கும்போது தலைகீழாகிவிடும். ஒரு விஷயத்தை 'மேசையில் வைப்பது' என்றால், எங்கள் பக்கத்தில் அதை எடுத்து எல்லார் முன்னாலும் வைத்து இப்போதே முடிவு செய்வது. அந்தப் பக்கத்தில் அதை மேசையில் போட்டுவிட்டு மறந்துவிடுவது, அதாவது ஒத்திப்போடுவது. படகுத்துறைக்கு இரண்டு கரை ஊர்களும் சேர்ந்து போட்ட குழு இதனால்தான் ஒருமுறை உடைந்தது. எங்கள் மேயர் கிளெண்டா புரூயிட் அந்தக் கரையில் பிறந்து, கல்யாணமாகி இந்தக் கரைக்கு வந்தவர். இது எல்லாருக்கும் தெரியும். சாதாரணமாக யாராவது அந்த வார்த்தையைச் சொன்னால் மேயரே சிரித்துக்கொண்டு, "எந்தக் கரை மேசை?" என்று கேட்டுவிடுவார்.

வசந்தகாலத்துக் கூட்டம் அது, கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. வேர்னா அம்மாளைத் தீயணைப்பு நிலையத்து ஆட்கள் இரண்டு பேர் நாற்காலியோடு இறக்கிக் கொண்டுவந்தார்கள். நான் பட்டர் டார்ட் என்கிற இனிப்புப் பலகாரம் நிரம்பிய தட்டோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கூட்டம் எவ்வளவு நேரம் இழுக்கும் என்று யாருக்குத் தெரியும்? பொதுமக்கள் பேசலாம் என்றதும் அந்த அம்மாள் உட்கார்ந்தபடியே பேசினார். மேயரைப் பார்க்கவில்லை. டெல்பர்ட்டைப் பார்த்தார்.

"டெல்பர்ட், நீ சின்ன வயசிலயும் இப்படித்தான். கிறிஸ்துமஸ் நாடகத்துல உன்னை, குழந்தை இயேசுவைப் பாக்கப் போற மூணு ராஜாவுல ஒருத்தனா நிறுத்தினேன். நட்சத்திரத்தைப் பாத்துக்கிட்டே நின்ன. உன்னை விட்டிருந்தா ஈஸ்டருக்குத்தான் பெத்லகேமுக்குப் போய்ச் சேர்ந்திருப்ப."

சபை சிரித்தது. டெல்பர்ட்டும் சிரித்தார்.

"எனக்கும் அந்தக் குருவிங்களைப் பிடிக்கும்ப்பா. ஆனா அதுங்களுக்கு றெக்கை இருக்கு" என்றார் வேர்னா அம்மாள்.

அதோடு நிறுத்திக்கொண்டார்.

டெல்பர்ட் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. நான் அதைக் கவனித்தேன், ஆண்டவர் சாட்சி. கழுத்துப்பட்டையைத் தொடவில்லை, தொண்டையைச் செருமவில்லை. எதிரி இல்லை என்றும் சொல்லவில்லை. முகம் சிவந்து, ஓட்டப்பந்தயத்துக்கு நிற்கிற மாதிரி நின்று, ஒரே மூச்சில் சொன்னார்.

"இதை மேசையில வைக்கணும்னு முன்மொழியறேன்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் மேயர் எந்தக் கரை மேசை என்று கேட்டிருப்பார். டெல்பர்ட்டிடம் யார் கேட்பார்கள்? அவர் வாயிலிருந்து வந்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருக்க முடியும். எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள், சிலர் கோட்டை எடுக்க ஆரம்பித்தார்கள். கைகள் வரிசையாக எழுந்தன. டெல்பர்ட்டின் கை எல்லாருக்கும் மேலே இருந்தது. இத்தனை பேர் தன் பக்கம் இருப்பதைப் பார்த்து அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். அந்த மாதிரி அவரை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

மேயர் சுத்தியால் தட்டினார். "ஏகமனதா ஒத்திவைக்கப்பட்டது. அடுத்தது, பூங்காவுல நாய்களை அவிழ்த்துவிடறது பத்தி."

டெல்பர்ட்டின் கை இன்னும் மேலேயே இருந்தது. மெல்ல இறங்கியது. வாயைத் திறந்தார். ஒரு வார்த்தை போதும். 'இல்லைங்க, நான் சொன்னது இந்தக் கரை மேசை' என்றால் சபையே சிரித்துவிட்டு மறுபடியும் கைதூக்கியிருக்கும், வேர்னா அம்மாளுக்குக் கதவு திறந்திருக்கும். நான் என் தட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவர் மேயரைப் பார்த்தார், நாய்களைப் பற்றிப் பேச எழுந்துவிட்டவரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார்.

உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். நடந்ததை அவரே சொன்னார், தான் சொன்னதைத் தவறாக எடுத்துக்கொண்டார்கள் என்று. அப்போ ஏன் சொல்லலை என்றேன். "ஒருத்தர் பேச எழுந்தப்புறம் குறுக்கே போறது நல்லா இருக்காதே. அடுத்த கூட்டத்துல சரிபண்ணிடலாம். எதுக்கும் நிதானமா..." என்றார். வாக்கியத்தை முடிக்கவில்லை. தன் குரல் தனக்கே கேட்டுவிட்டது போலிருந்தது.

அடுத்த கூட்டத்துக்கு மேயர் வரவில்லை, மகளுடைய கல்யாணம். அவர் இல்லாத சமயத்தில் அவர் செய்த தவறை எடுப்பது மரியாதையில்லை என்று டெல்பர்ட் காத்திருந்தார். அதற்கடுத்த கூட்டத்துக்குள் கோடை வந்துவிட்டது. சங்கத்தார் ரொம்ப நன்றி சொல்லிவிட்டு, ஆற்றோட்டத்தில் கீழே உள்ள ஊருக்குப் பணத்தோடு போய்விட்டார்கள். அங்கே நகரசபையில் பார்த்துடலாமே மனிதர் இல்லையா என்று விசாரித்தேன். இருக்கிறாராம். ஓட்டெடுத்த அன்றைக்கு அவருக்குக் காய்ச்சலாம்.

குருவிகள் திரும்பி வந்தன. புகைபோக்கி அப்படியேதான் இருந்தது.

இலையுதிர் காலத்தில் மகன் வேனோடு வந்தான். வேர்னா அம்மாளை மூன்று மாடியும் இறக்கியது மகனும் டெல்பர்ட்டும்தான். சமையலறை நாற்காலியில் உட்காரவைத்து, ஒருவர் முன்னால் ஒருவர் பின்னால். டெல்பர்ட் பாரத்தைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அந்த மூச்சிரைப்பைக் கேட்டுவிட்டு அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். பிறகு தெருவில், "சனிக்கிழமை பைங்க உன் வேலைதானா?" என்றார். டெல்பர்ட் நாற்காலியை மெல்லத் தரையில் இறக்கினார். "அன்னிக்கு நீ எழுந்து நின்னியே, அது எதுக்குன்னு எனக்குத் தெரியும்" என்றும் சொல்லிவிட்டு, சொல்ல ஏதாவது இருந்தால் சொல்லட்டும் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டெல்பர்ட்டை நினைத்துச் சிரித்துக்கொண்டே வாசித்திருப்பீர்கள், உங்கள் அலுவலகத்தில், உங்கள் சங்கத்தில் யார் அவர் என்றுகூட விரல் நீட்டியிருப்பீர்கள். நல்லது. ஆனால் நடுவில் எங்கேயோ ஒருவருடைய முகம் ஞாபகத்துக்கு வந்து, அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று நினைத்தீர்கள் அல்லவா? நினைத்துவிட்டு, சரி, இதை முடித்துவிட்டுப் பேசலாம் என்று கீழே படித்துக்கொண்டு போகிறீர்கள் அல்லவா? நான் எதுவும் சொல்லவில்லை. கண்ணாடி போட்டிருந்தால் மட்டும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள், துடைத்த ஈரம் இருக்கிறதா என்று.

மகன் வண்டியைக் கிளப்பினான். டெல்பர்ட் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், விடவும் இல்லை, சாத்தவும் இல்லை. வாய் இரண்டு தடவை திறந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கழுத்துப்பட்டையைத் தேடினார். அன்றைக்குக் கழுத்துப்பட்டை கட்டியிருக்கவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் மிஸஸ் சவாட்ஸ்கி" என்றார். "இப்ப வேண்டாம், ரொம்ப தூரம் போகணும் நீங்க. அடுத்த தடவை பாக்கும்போது சொல்லிடறேனே."